ஒற்றைப்படை

பீல் நகர முதியோர் இல்லம், மூன்றாம் மாடி.
இரவு வேலையில் நாங்கள் ஐந்து பேர்,
மேற்பார்வைக்கு ஓர் இடம்.
நேர்முகம் வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டாம் அறை மதாம் ஜானெரே
தூக்கம் வராமல் சீட்டு விரிக்கிறாள்.
"உனக்கு விழுந்தது கோல் ஐந்து.
சண்டை, போட்டி. கவனம்."

குனிந்து பார்த்தேன்.
ஐந்து பெடியள், ஐந்து தடி,
ஆளுக்கொரு நிறச் சட்டை.
ஓங்கின ஒன்றும் ஒருவர் மேலும் விழவில்லை.
சொட்டு இரத்தமில்லை.
"இது கோலாட்டம், மதாம்" என்றேன்.
பிரெஞ்சில் அதற்குச் சொல் தெரியாமல்
அவளது ஊன்றுகோலில்
என் எழுதுகோலால் தட்டிக் காட்டினேன்.
சிரித்தாள். பற்கள் கிண்ணத்தில் கிடந்தன.

பிறகு நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணினாள்.
"சரி. இவனுக்குச் சோடி எங்கே?"

அதுதான்.
நாலு பேர் என்றால் தாளம்.
ஐந்தாமவன் காற்றைத் தட்டுவான்,
தட்டித் தட்டிக் கை உளைந்ததும்
பக்கத்தவன் தலையைப் பார்ப்பான்.

மிர்யேத்தா இந்தக் கிழமை என்னோடு பேசியது
கையுறை அளவைப் பற்றி மட்டும்.
ட்ராகான் ஞாயிறு அட்டவணையில்
என் பெயரை இரண்டு தரம் எழுதினான்.
ரெகுலா எல்லாருக்கும் கேக் கொண்டுவந்தாள்.
அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.
நானும் சும்மா இருக்கவில்லை:
செஹாய் பிந்தி வந்த நாட்களை
நிமிடம் பிசகாமல் குறித்து வைத்திருக்கிறேன்.

நாலு மணி. நடைபாதையில்
யாரோ பாதி துடைத்து விட்டுப்போன தண்ணீர்.
மொப் தடியை எடுத்தேன்.
பிடித்த இடத்தில் இன்னும்
ஆரோ ஒருவரின் சூடு.