வ்ருபெல்

லுப்ளின் நகரப் பதிவாளர் அலுவலகம்.
பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே சேறாகிப்போன பனி.
எழுத்தர் அம்மாள் பேனா மூடியைக் கடித்தபடி கேட்கிறாள்:
"மணமான பிறகு என்ன குடும்பப்பெயர்?
உங்களுடையதா, அவருடையதா, இரண்டும் சேர்த்தா?"

எனக்கு நாற்பத்தேழு வயது.
ரொட்டிக்கடையில் நிற்கும்போதே
இதற்குப் பதில் பிசைந்து வைத்திருக்கலாம்.

அவர் ரோமுவால்ட் ஓர்வோவ்ஸ்கி.
பெயருக்குள் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கிறது,
அதன் வாலில் 'ஸ்கி' என்றொரு பட்டுக் குஞ்சம்.
நான் வ்ருபெல்.
குஞ்சம் கிடையாது.
சிட்டுக்குருவி, அவ்வளவுதான்.

எழுதும்போது ஓ, சொல்லும்போது உ.
ஓ-வின் தலைமேல் சாய்வாக ஒரு கீற்று,
அலகிலிருந்து நழுவிய துரும்பு மாதிரி.
சிகாகோ போன தாத்தாவின் தம்பி
அதைக் கப்பலிலேயே தொலைத்தார்.
அவருடைய பேரன்மார் இப்போது 'ரோபல்'.
கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்திடுகிறார்கள்
ஒரு பறவையை எழுதுகிறோம் என்று தெரியாமலே.

முதல் வ்ருபெல் யார்?
எங்கள் பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டில்
எலி கடித்த ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி:
'வவ்ஜினியெட்ஸ், குருவி என்று அழைக்கப்படுபவன்.'
ஏன் என்று பாதிரியார் எழுதவில்லை.
மை தீர்ந்திருக்கலாம்.
ஆள் குள்ளனாக இருந்திருப்பான்,
இல்லை, ஓயாமல் பேசியிருப்பான்,
இல்லையென்றால் பண்ணையார் களத்தில் தினை திருடியிருப்பான்.
ஆறடி உயரமுள்ள என் தம்பி
குள்ளனை நம்புகிறான்.
நான் திருடனை.

பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள்.
எறிந்திருப்பார்கள், கல்லை எறிவதுபோல்.
அவன் அதைப் பொறுக்கி
வீட்டுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டான்.

இன்று நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள்.
பல் மருத்துவரின் வாசலில் "வ்ருபெல்!" என்று கூப்பிட்டால்
மூன்று பேர் எழுந்து நிற்கிறோம்.
உறவில்லை, சாயலில்லை,
வலிக்கும் பல்கூட ஒன்றில்லை.
எத்தனை ஊரில் எத்தனை பேர்
ஒருவரை ஒருவர் அறியாமல்
தினை திருடியிருக்க வேண்டும்!

ரோமுவால்ட் ட்ராலிபஸ் ஓட்டுகிறவர்,
தலைக்கு மேலே கம்பியைப் பார்த்தே பிழைப்பவர்.
முன்பெல்லாம் கம்பி கொள்ளாமல் குருவிகள் என்பார்.
போன வாரம் முழுக்க எண்ணியதில் பதினொன்றாம்.
"உன்னையும் சேர்த்தா?" என்று அவருடைய அக்கா கேட்டாள்.
ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகுமா
என்பதை அவள் வாயால் சொல்லவில்லை,
சூப்பை எனக்குக் கடைசியாகப் பரிமாறினாள்.

அன்றிரவு பேருந்து நிறுத்தத்தில் அவர் சொன்னார்:
"கழுகாவது ஒன்றாவது.
ஓர்வோவோ என்று ஓர் ஊர்.
கொள்ளுத்தாத்தா அங்கே பன்றி மேய்த்தார்.
கடனுக்குப் பயந்து ஓடினபோது
எடுத்துக்கொண்டு போக முடிந்தது ஊர்ப்பெயர் ஒன்றைத்தான்."
"அந்த ஊரில் கழுகு இருந்ததா?"
"பன்றி இருந்தது."

கிழட்டுக் குருவியைப் பதர் தூவிப் பிடிக்க முடியாது
என்பார்கள் எங்கள் பக்கம்.
உண்மைதான்.
இரண்டு வருடம் தினமும் வந்து
தனக்கு ஆகாத கம்பு ரொட்டியை வாங்கிப்போன மனிதர் இவர்.
பதர் தூவவே இல்லை.

"அம்மா," என்கிறாள் எழுத்தர், "பின்னால் ஆள் காத்திருக்கிறது."

"வ்ருபெல்."

"அப்படியே இருக்கட்டுமா?"

"அப்படியே."

ரோமுவால்ட் தலையசைக்கிறார்,
கண் ஜன்னலுக்கு வெளியே, கம்பியில்.
உதடு அசைகிறது.
எண்ணுகிறார்.

தாளைத் திருப்பித் தருகிறாள்.
ஓ இருக்கிறது, தலைமேல் துரும்பு இல்லை.
"பேனா கொடுங்கள்" என்கிறேன்.
கடிபட்ட மூடியோடு கொடுக்கிறாள்.