பன்னிரண்டு மணி நேரம்

சோம்பா செவிலியர் கல்லூரி,
பாடத்திட்டக் குழு, ஆறாம் கூட்டம்.
குறிப்பெழுதுகிறவள் நான்.
பேசியதையெல்லாம் எழுதாதே,
முடிவானதை மட்டும் எழுது என்றார்கள்.
மற்றதை இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு தாலாண்டிரா கொடுத்த மனு ஒரே பக்கம்:
ஒருவர் இறந்ததை
அவர் வீட்டாரிடம் சிச்சேவாவில் சொல்லக் கற்றுக்கொள்ள
பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்.

எங்களிடம் கேட்காதீர்கள் என்றது மருந்தியல்.
உடற்கூறு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது.
பாடத்திட்டம் ஒரு மினிபஸ் என்றார் திருமதி சிராம்போ,
லிம்பே நிலையத்திலேயே நிறைந்துவிட்டது,
மடியில் கோழிக்கூடை, படியில் ஒற்றைக்காலில் நடத்துநர்.
யாராவது இறங்கினால்தான் யாராவது ஏறலாம்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
ஒருவரும் இறங்கவில்லை.

தேர்வு ஆங்கிலத்தில்தானே என்று கேட்டார் எம்சிஸ்கா.
சுவாசக் கருவிக்கான முப்பது மணி நேரத்தின் சொந்தக்காரர்.
கருவி ஒன்று இருக்கிறது,
பழுதாகி, போர்வை போர்த்தி.
சரி, இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?
கண்ணீருக்குப் பத்தா, மௌனத்துக்கு ஐந்தா?
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். குறிப்பில் அது இல்லை.

அப்போது மின்சாரம் போனது.
வழக்கம்போல யாரும் நிமிரவில்லை.
இருட்டில் தாலாண்டிராவின் குரல்
அவளைவிடப் பெரியதாக இருந்தது.

ஏப்ரலில் இரவுப்பணி. குழந்தைகள் வார்டு.
அம்மா கஞ்சி காய்ச்சக் கீழே போயிருந்தாள்.
திரும்பி வந்தவளிடம்
புத்தகத்தில் இருந்த எதுவும் என் வாயில் வரவில்லை.
வப்பிட்டா என்றேன்.
போய்விட்டாள்.

எந்த வார்டுக்கு என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லும் முன்னே நடக்கத் தொடங்கிவிட்டாள்,
கஞ்சிக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு.
எக்ஸ்ரே அறை. அறுவைக்கூடம்.
மகப்பேறு வார்டில்கூட எட்டிப் பார்த்தாள்.
என் மகளை இங்கே கொண்டுவந்தார்களா,
மஞ்சள் சட்டை போட்டிருந்தாள்.
நான் பின்னாலேயே போனேன்.
நாற்பது நிமிடம்.
கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர்
அவளிடம் ஏதோ சொன்னார்.
என்ன சொன்னார், எப்படிச் சொன்னார்,
எனக்குக் கேட்கவில்லை.
நான் தூரத்தில் நின்றிருந்தேன்.
அதுதான் எனக்குத் தெரியவேண்டும், அந்த வாக்கியம்.

மின்சாரம் வந்தபோது
எல்லோருடைய தேநீரும் ஆறியிருந்தது.
மண்டாசித் தட்டை யாரோ ஓரமாகத் தள்ளிவைத்தார்கள்.
முதல்வர் கலிலோம்பே தொண்டையைச் செருமினார்.

முடிவு, நான் எழுதியபடி:
நான்கு மணி நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒரே அமர்வாக.
தேர்வு இல்லை.
நடத்துபவர், நேரம் காலியாக உள்ள ஆசிரியர்.
கருவி பழுதாகிக் கிடப்பதால்
நேரம் காலியாக இருந்தது
எம்சிஸ்காவுக்குத்தான்.

முதல் வெள்ளிக்கிழமை
வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோனேன்.
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
கரும்பலகையில் வப்பிட்டா,
அதன்மேல் ஒரு கோடு.
அதற்குக் கீழே இன்னொரு சொல், இன்னொரு கோடு.
மூன்றாவதை எழுதாமலே அழித்துவிட்டார்,
வெறும் பலகையை.

முப்பத்தொரு பேனாக்கள் திறந்திருந்தன.
அவர் சாக்பீஸை வைத்தார்.
ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார்,
எதிரே இன்னொன்று.
அம்மாவாக யார் உட்காருகிறீர்கள் என்று கேட்டார்.

யாரும் எழவில்லை.
பிறகு அவரே போய்
அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்,
மடியில் இரண்டு கைகளையும்
கிண்ணம் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு.

மணி இரண்டு இருபது.
இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது.