நீலம், இரண்டு லீற்றர்

கல்லடியில் பழைய ஐஸ் பெக்டரியை
வெள்ளையடித்து, லைட் போட்டு,
ஒரே ஒரு ஆளுடைய படங்களுக்காகத் திறந்திருக்கிறார்கள்.
டிக்கெட் இருநூறு ரூபா.
செருப்பைக் கழற்றவா என்று கேட்டேன்.
"தேவையில்லை அங்கிள்" என்றாள்
படம் விளக்கும் பிள்ளை, யதுர்ஷிகா.
காத்தான்குடியில் ஹார்ட்வெயர் கடை என்று நான் சொல்லவில்லை.
பையில் கடன் கொப்பி இருப்பதையும்.

முதல் அறை முழுக்க நீலம்.
வாவி சரி. வானமும் சரி.
மாட்டின் முகம் நீலம்,
பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் கைக்குழந்தை நீலம்.
"இது நேசதுரையின் துயரக் காலம்."
ஓம் மகள், துயரம்தான்:
வெலிக்கந்தைக்கு இங்கால் லொறி வராத எட்டு மாதம்.
கடையில் மிஞ்சிக் கிடந்தது
தோணிக்கு அடிக்கிற நீலம் மட்டும்.
சனிக்கிழமைகளில் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு
"முதலாளி, சிவப்பு வந்ததா?" என்பார்.
"இல்ல மாஸ்டர்."
"அப்ப நீலமே ரெண்டு லீற்றர். கொப்பில போடுங்க."

கிட்டப் போனேன்.
மாட்டின் நெற்றியில் ஒரு மயிர் ஒட்டிக் காய்ந்திருக்கிறது.
ஒன்றரை இஞ்சி பிரஷ், மயிர் கொட்டுகிற சாதி.
நான்தான் விற்றது.
"தொடக்கூடாது அங்கிள்."

அடுத்த அறை சிவப்பு. கோபம் என்றாள்.
பாதை திறந்த கிழமை வந்து இறங்கிய ரெட் ஒக்சைட்,
இரும்புக் கேற் துருப்பிடிக்காமல் அடிக்கிறது.
விலை குறைவு.
அதனால்தான் கோபம் சுவரளவு.

ஆனால் அந்தச் சிவப்புக்கு நடுவே ஒரு கதிரை,
யாரோ இப்போதுதான் எழுந்து போன கதிரை.
அதை நான் விற்கவில்லை.
எந்த டின்னிலும் அது இருந்ததில்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்,
போனவர் திரும்பி வந்தால் இடம் வேண்டுமே என்று
விலகியும் நின்றேன்.

கடைசி அறையில் ஒரே படம்.
மா மூட்டைச் சாக்குகளைத் தைத்து இழுத்துக் கட்டியது.
கீழ்ப்பாதியில் முகத்துவாரம், வலை,
முழங்கால் தண்ணீரில் சனம்.
எல்லாரும் மேலே பார்க்கிறார்கள்.
மேலே ஒன்றுமில்லை. வெறும் சாக்கு,
மா ஆலையின் பேர்கூட மங்கலாய்த் தெரிகிறது.
"இதை வேணுமென்றே விட்டவர். மௌனம்" என்றாள்.
கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர்
அந்த மௌனத்தைப் போட்டோ எடுத்தார்கள்.

அன்று அடைமழை. குடையில்லாமல் வந்து நின்றார்.
"வெள்ளை, நாலு லீற்றர் வேணும்."
கொப்பியைத் திருப்பிக் காட்டினேன்.
பதினோராயிரத்து நானூறு.
"பழசில கொஞ்சம் கட்டுங்க மாஸ்டர், மறுகா பாப்பம்."
"சரி முதலாளி" என்றார். முகம்கூட மாறவில்லை.
ராக்கையில் வெள்ளை ஒன்பது டின் இருந்தது.
மாசியில் ஆள் இல்லை.

சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அந்த வெற்றுச் சாக்கை
எத்தனையோ தரம் பார்த்தவள், இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விட்டுவிட்டேன்.

வாசலில் கருத்தெழுதுகிற கொப்பி.
திகதி போட்டேன். பேர் எழுதினேன்.
கைப்பழக்கத்தில் ஓரமாகக் கோடிழுத்து
ரூபா, சதம் என்று பிரித்தும்விட்டேன்.
பேனையை மூடி வைத்தேன்.

வெளியே வாச்சரிடம் மட்டும் சொன்னேன்:
"தம்பி, இந்தக் கதவுக்கு அண்டர்கோட் இல்லாம அடிச்சிருக்காங்க.
மாரி பிடிச்சா உரிஞ்சி வந்திடும்.
நாளைக்கு ஒரு டின் அனுப்பிவிடுறன்."

என்ன நிறம் என்று கேட்டான்.