நாற்பத்தொன்று

முதலில் வாங்கியது தப்பான பொட்டென்ஷியோமீட்டர்.
சவுண்ட் சர்வீஸ் பூமிராஜா கழற்றிக் கொடுத்த
பழைய வால்யூம் தண்டு.
பாதி தூரம் தள்ளியும் செஸ்னா
ஓடுபாதையில் எருமைபோல் படுத்துக் கிடந்தது.
இன்னும் ஒரு விரற்கடை தள்ளினேன்,
கல்யாண வீட்டு ஸ்பீக்கர் திடீரென அலறும் பாருங்கள்,
அப்படிப் பாய்ந்து புல்லில் கவிழ்ந்தது.
காதின் கணக்கு வேறு, கையின் கணக்கு வேறு.
'ஏ' என்று பொறித்திருந்தால் பாட்டுக்கு,
'பி' என்றிருந்தால் எங்களுக்கு.
டவுன்ஹால் ரோட்டில் நாற்பது ரூபாய்க்கு இதைப் படித்தேன்.

பெட்டி, முறுக்கு டின்.
நெம்புகோல், தலை ஒடிந்த தோசைத்திருப்பி.
பம்ப் ஸ்டவ்வின் தோல் வாஷர் இரண்டை
நல்லெண்ணெயில் ஊறவைத்து இறுக்கினால்
நிஜ விமானத்தின் பிகு வந்துவிடுகிறது.
(நிஜ விமானத்தில் நான் ஏறியதில்லை.
அது சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே
சக்கரத்தை விரித்துக்கொண்டு போகும்,
கொடியில் காயும் உன் யூனிபாரம் ஆடும்.)

முழுக்கக் கீழே இழுத்தேன்.
திரையில் நாற்பத்தொன்று.
முழுக்க மேலே. தொள்ளாயிரத்து எண்பத்தேழு.
மறுபடி கீழே. நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, நாற்பத்தொன்று.
பூஜ்ஜியம் என்று எதுவும் வரவில்லை.
சரி, இதுதான் உன் பூஜ்ஜியம் என்று
கணினியிடம் பொய் சொல்லிவைத்தேன்.

உனக்கு ஆவினில் ராத்திரி ஷிப்ட்.
எனக்கு ஜவுளிக்கடையில் பில் கவுன்ட்டர், பகல் முழுக்க நின்றபடி.
வில்லாபுரத்து வீட்டில் நாம் சந்தித்துக்கொள்வது
அநேகமாக இந்தக் கைப்பிடியில்தான்.
சில நாள் உன் சூடு அதில் மிச்சமிருக்கும்.

நீ செஸ்னாக்காரன்.
நூலளவு கூட்டி, நூலளவு குறைத்து,
இன்ஜினின் முனகலைக் கேட்டபடி
வைகை அணைவரை தாழப் பறந்து திரும்புவாய்.
எனக்கு ஏர்பஸ்.
அதற்கு வழவழப்பு ஆகாது, பள்ளம் வேண்டும்.
ஹாக்ஸா பிளேடால் நான்கு பள்ளம் அறுத்தேன்,
ஹேர்பின்னை வளைத்துப் பதித்தேன்.
டக்கென்று விழும்.
விழுந்தபின் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.
பகலெல்லாம் எல்லாவற்றையும் நான்தானே பார்க்கிறேன்.

மறுநாள் என் பள்ளங்களின்மேல்
பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டி ஒட்டியிருந்தாய்.
பிய்த்தேன்.
ஒட்டினாய்.
என் ஐடிலை நாற்பத்தாறாக்கினாய்.
நான் நாற்பத்தொன்றுக்கு இறக்கினேன்.
பால் பாக்கெட்டின் மேல் பேனாவால் எழுதியிருந்தாய்:
'மத்தியானம் பார். வெயிலில் அது ஏறுது.'
ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.
இரண்டு மணிக்கு, மே மாதத்தில்,
தகரக் கூரைக்குக் கீழே
நாற்பத்தாறு.
விடியற்காலையில் நாற்பத்தொன்று.
நாம் ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அன்று நீ தூங்கப் போகவில்லை.
ஏடிஆர் ஒன்றை இறக்கி வைத்திருந்தாய்,
ரெண்டு ஆள் ஓட்டுவது.
அதற்கென்று ஒரு வளைவு போட்டிருந்தாய்,
கீழ்ப்பாதி உன்னுடையதைப்போல் சாய்வு,
மேலே ஒரே ஒரு பள்ளம், என்னுடையது.
பெயர் கேட்ட கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தாய்.

சென்னையிலிருந்து கிளம்பி மதுரைக்கு இறங்கினோம்.
கீழே எல்லாக் கண்மாயிலும் நீலத் தண்ணீர்,
விளையாட்டில் மழை பொய்ப்பதில்லை.
ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன.
தோசைத்திருப்பியின் மேல் உன் கை,
அதன் மேல் என் கை.
"குறை" என்றாய்.
"இருக்கட்டும்" என்றேன்.
ஹேர்பின் டக்கென்றது.

கண்மாயில்தான் இறங்கினோம்.
யார் இழுத்தது என்பது இன்னும் தீரவில்லை.
நீ ஷிப்டுக்குப் போனபின் டின்னைத் திறந்து பார்த்தேன்,
வாஷரில் எண்ணெய் காய்ந்திருந்தது.
திரையில், யாரும் தொடாமலே,
நாற்பத்திரண்டு, நாற்பத்துநான்கு, நாற்பத்திரண்டு.