மரியாதைப் பன்மை

காஸல் நகரம். ஞாயிறு காலை பத்தேமுக்கால்.
மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்தும் தூக்கம் வராமல்
மூன்று வாரமாய்ச் சமையலறை மூலையில் சேர்ந்த சீசாக்களை
அள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.
அங்கே வெள்ளைக் கண்ணாடிக்கு ஒரு தொட்டி,
பழுப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று.

முதல் சீசா உள்ளே விழுந்து
உடைந்த ஓசை அடங்குவதற்குள்
"மன்னிக்கவும்" என்றது ஒரு குரல்.

இந்த ஊரில் அது
மன்னிப்புக் கேட்கும் சொல்லல்ல.
வழக்கு தொடங்குகிறது என்று பொருள்.

கட்டைக்கால் நாய் ஒன்று.
வாரின் மறுமுனையில்
அறுபத்தைந்து வயது மழைக்கோட்டு.
(மழை இல்லை. வரலாம் என்று வானொலியில் சொன்னார்களாம்.)

"நீங்கள் கண்ணாடி போடுகிறீர்கள்."
"ஆமாம்."
"இன்று ஞாயிற்றுக்கிழமை."
"ஆமாம்."
இரண்டையும் கூட்டி நான் விடை சொல்வேன் என்று
பொறுமையாகக் காத்திருந்தார்.
கணக்கில் நான் எப்போதும் கொஞ்சம் மந்தம்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி
தொட்டியில் ஒட்டியிருந்த அறிவிப்பை
வரிவரியாக வாசித்துக் காட்டினார்,
மனப்பாடம் என்பது முகத்திலேயே தெரிந்தும்.
வார நாள்களில் ஏழு முதல் பத்தொன்பது வரை.
ஞாயிறு, அமைதி நாள்.

அப்போது பார்த்து
எதிரே தேவாலயத்தின் ஐந்து மணிகளும்
சேர்ந்து அடிக்கத் தொடங்கின.
எதுவும் கேட்கவில்லை. ஏழு நிமிடம்
இருவரும் தொட்டியைப் பார்த்தபடி நின்றோம்.
ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து
"அமைதி நாள்" என்று முடித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும்.
அத்தனை கண்டிப்பிலும் மனிதர்
ஒரு 'ங்கள்'கூடக் குறைக்கவில்லை.
எங்கள் பக்கம் சூடேறினால் முதலில் கழன்று விழுவது அதுதான்.
பேருந்தில் சில்லறைக்குத் தொடங்கும் தகராறு
மூன்றாம் வாக்கியத்தில் 'நீ' ஆகி
ஐந்தாவதில் பரம்பரைக்கே போய்விடும்.
இங்கே 'நீ' வாங்கியது நாய் மட்டும்.

அந்த நாய் என் பைக்குள் தலையை விட்டது.
பூண்டு ஊறுகாய்ச் சீசா,
நான்கு முறை கழுவியும் தன் கொள்கையை விடாதது.
தும்மல். இன்னொரு தும்மல். காது இரண்டும் பறக்க ஒரு தும்மல்.
"ஆரோக்கியம்!" என்றார் அவர்.
"நூறு!" என்றேன் நான், வாய்ப்பழக்கம்.
"எது நூறு?"
"வயது. நூறாண்டு வாழ்க என்று."
நாயைப் பார்த்தார். நீண்ட நேரம் யோசித்தார்.
"அதுவரை காப்பீடு யார் கட்டுவது?"

திங்கள் காலை, பணியிலிருந்து வந்த கையோடு
மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனால்
எனக்கு முன்பே அங்கே நிற்கிறார்,
இரண்டு பை நிறைய மதுச் சீசாக்கள்,
கண் கைக்கடிகாரத்தில்.
ஆறு ஐம்பத்தெட்டு.
ஆறு ஐம்பத்தொன்பது.
ஏழு.

அப்புறம் அவர் எறிந்தாரே, அதைப் பார்க்க வேண்டும்!
ஒவ்வொன்றாய், ஓங்கி,
தீபாவளிச் சிறுவன் வெங்காய வெடி போடுவதுபோல்,
சட்டம் தந்த சத்தத்தில் ஒரு துளி வீணாக்காமல்.
என் கையிலிருந்த நீலச் சீசா எந்த வாய் என்று தெரியாமல் திகைக்க,
அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி
"நீலம் பச்சைக்குள்" என்றார்.
குடும்ப ரகசியம் சொல்வதுபோல் இருந்தது.

காலியான பையை நான்காய் மடித்துவிட்டுக் கை நீட்டினார்.
"டெட்லெஃப். இனி நாம் 'நீ' என்றே சொல்லிக்கொள்ளலாம்."

வந்தது வினை.
அப்பா வயது மனிதரை 'நீ' என்க
என் நாக்கு எழவில்லை.
'நீங்கள்' என்றால் நீட்டிய கையைத் தட்டிவிட்டதாகும்.
தமிழாக இருந்தால் 'சாப்பிட்டாச்சா' என்று
யாரென்று சொல்லாமலே நழுவியிருப்பேன்.
ஜெர்மன் மொழியில் அந்தச் சந்து எனக்கு அகப்படவில்லை.

பதினொரு மாதமாகிறது.
பார்க்கும்போதெல்லாம் குனிந்து நாயிடம் கேட்கிறேன்:
"ஃபிரித்சி, நன்றாகத் தூங்கினாயா?"

"முட்டிவலி," என்கிறார் மேலேயிருந்து டெட்லெஃப்.
"மற்றபடி பரவாயில்லை."

யாருடைய முட்டி என்று நான் கேட்பதில்லை.