மேலே என்ன தெரிந்தது

கடலூர்ப் பக்கம் கப்பலோடு பிடித்துப்
பிரெஞ்சுக்காரர் ஒப்படைத்த நாற்பது பேரில்
கிருஷ்ணகிரி மலையேறிச் சேர்ந்தவர் பதினொன்று.
கடைசியாக வந்தவனுக்கு என் வயது.
நீலச் சட்டையில் பொத்தானெல்லாம் உதிர்ந்து
ஒரே ஒரு பித்தளை மிச்சம்.
சோசையா என்றான்.
காவலறையில் அது சோசையன் ஆயிற்று.
நான் மாதையன்.
ரெண்டு அய்யனுக்கும் ஒரே சங்கிலி போடு
என்று சுபேதார் சிரித்தார்.
ஒரு முனை அவன் காலில்,
மறுமுனை என் இடுப்பில்.

களியைப் பார்த்து முதலில் முகம் சுளித்தான்.
பத்தாம் நாள் விரலை நக்கினான்.
அரைத் தெலுங்கு, கால் தமிழ், மீதி கைஜாடை;
அதில்தான் எனக்குக் கடலைக் காட்டினான்.
பாரூர் ஏரி மாதிரியா என்றேன்.
ஏரிக்குத்தான் கரை இருக்கிறதே என்றான்.

சுனையில் அவரைத் தொலிகளை மிதக்கவிட்டு
குப்புறப் படுத்து ஊதினான்.
இது எங்களுடையது, அது அவர்களுடையது,
காற்று எவன் முதுகில் அடிக்கிறதோ
அவனுக்குத்தான் அன்றைக்குப் பேச்சு.
பதினைந்து வயதில் ஆறு பீரங்கி அவன் பொறுப்பாம்.
மீசை நரைத்தவர்களெல்லாம் அவன் சொல்லுக்கு ஓடினார்களாம்.
சண்டைக்கு முன் தளம் முழுக்க மணல் தூவுவார்கள்,
எதற்குத் தெரியுமா,
ரத்தம் வழுக்காமல் இருக்க.
அதைச் சொன்னதும் ஊதுவதை நிறுத்திவிட்டான்.
தொலிகள் தாமாகவே ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன.

ஆடி மூன்றாம் வெள்ளி.
பாறையில் உட்கார்ந்த குரங்கையே தள்ளுகிற காற்று.
கொடி கிழிந்து, கயிறு உச்சி ராட்டினத்தில் சிக்கி,
புதுக் கொடி ஏற வழியில்லை.
வெறும் மரம் அபசகுனம் என்று கில்லேதார் கத்தினார்.
ஏறிய இரண்டு பேரில் ஒருவன் பாதியில் இறங்கினான்,
மற்றவன் விழுந்து மணிக்கட்டு போயிற்று.
என் இடுப்பில் சங்கிலி இழுத்தது.
நான் போகிறேன் என்றான்.

அவன் ஏறியது ஏறுவது போலவே இல்லை.
வீட்டுக்குள் போகிறவன் மாதிரி இருந்தது.
உச்சியில் ஒரு காலால் மரத்தைச் சுற்றிக்கொண்டு
இரண்டு கையையும் விட்டான்.
கீழே ஒருத்தருக்கும் மூச்சில்லை.
ஒரு நொடியில் கயிறு ஓடியது, கொடி பறந்தது.
அவன்தான் இறங்கவில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் கையைக் குடையாக்கிப் பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
கப்பலில் உச்சியில் நிற்பவன் எதையாவது கண்டால்
அடிவயிற்றிலிருந்து கூவ வேண்டுமாம்,
முன்பு ஒருமுறை கூவிக் காட்டியிருக்கிறான்.
வாயைத் திறந்தான்.
மூடிக்கொண்டான்.
அதைப் பார்த்தது நான் மட்டும்.

மேலே என்ன தெரிந்தது என்றார் கில்லேதார்.
கடல், என்றான்.
இங்கிருந்து பத்து நாள் நடை.
எல்லாரும் சிரித்தார்கள்.
பரிசாக ஒரு வெல்லக்கட்டி கிடைத்தது.
அதை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டியபோது
அவன் கை நடுங்கியது,
உச்சியில் நடுங்காத கை.
நான் வெல்லத்தைத் தின்றேன்.
சுபேதாரிடம் போய் எதுவும் சொல்லவில்லை.
ஏன் என்று இன்றுவரை
எனக்கே ஒரு பதில் அமையவில்லை.

மூன்றாம் இரவு பேட்டை எரிந்தது.
மதிலில் ஏணிகள் சாய்ந்தன.
சாவி சுபேதாரிடம், சுபேதார் வடக்கு வாசலில்.
சங்கிலியோடுதான் கல் உருட்டினேன்.
நான் முன்னால் தள்ளும்போதெல்லாம்
பின்னால் அவன் கால் இழுபட்டது.
கீழே இருட்டில் ஏணி முறியும்,
அவன் பாஷையில் யாரோ அலறுவார்கள்.
என்ன சொல்கிறான் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
பேர் சொல்கிறான், என்றான்.
யார் பேர் என்று நான் கேட்கவில்லை.

விடிந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.
மதில் ஓரம் எங்கள் ஆட்கள் நாலு பேர் கிடந்தார்கள்,
மேலே வந்து சேர்ந்த அவன் ஆட்கள் மூன்று பேர்.
பாறை பளபளவென்று ஈரம்.
சோசையன் சுனையோரம் குனிந்து
இரண்டு கையிலும் மண் அள்ளினான்.
அவன் போகிற பக்கம் நானும் போக வேண்டியிருந்தது.
தூவிக்கொண்டே நடந்தான்.
கொஞ்ச தூரம் போனபின் நானும் அள்ளினேன்.

யாரைக் கேட்டு மண் போடுகிறீர்கள்
என்று சுபேதார் வந்து நின்றார்.
இடுப்பில் சாவி தொங்கியது.
வழுக்குகிறது, என்றேன்.