முதல் முத்திரை

பதினோராம் நாளும் உதடு ஆறவில்லை.
மாத்திரையில் தொடங்கி
அதே மருந்தை இப்போது நரம்பு வழி ஏற்றுகிறார்கள்.
தேநீரை ஆறவிட்டு
உறிஞ்சுகுழலைக் கடைவாய்க்கு ஒதுக்கினால்
மிடறுக்கு ஒரு நிமிடம்.

டாக்டர் கோ கையுறைப் பெட்டியின் அட்டையில்
வரைந்து காட்டினார்:
இந்த மருந்து உறங்கியபடிதான் உள்ளே வரும்.
கிருமியின் சொந்த ஆள் ஒருவன்
முதல் முத்திரை குத்தினால் விழிக்கும்,
விழித்தால் கொல்லும்.
உங்களுடையது
அந்த ஆளையே வேலையை விட்டு நீக்கிவிட்டது.

சிரித்துவிட்டேன். உதடு பிளந்தது.

இருபத்திரண்டு வருஷம்
உட்லண்ட்ஸ் சாவடியில் முத்திரை குத்தியவள் நான்.
இப்போது அங்கேயும் முத்திரை இல்லை,
கைபேசியைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நின்று நாத்தனார்
போனில் கேட்கிறாள்:
"அந்த நோயா? எங்கேருந்து வந்துச்சு?"
அக்கி என்றேன்.
அக்கி என்றால் பரவாயில்லை,
காவி குழைத்து எழுதினால் போய்விடும்.
மூன்று வயதில் யாரோ கொஞ்சியிருப்பார்கள், அவ்வளவுதான்,
என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வலித்தது.

ஐம்பது வருஷம் நரம்பு முடிச்சில்
வாடகை தராமல் கிடந்தது.
தம்பியின் மஜ்ஜை என்னோடு சண்டையிடாதிருக்க
என் காவலரையெல்லாம் மயக்கிவைத்தார்கள்.
அந்த நேரம் பார்த்து எழுந்து வந்தது.

டாக்டர் போகிறபோக்கில் சொன்ன ஒன்று
இரவு முழுதும் கூடவே இருந்தது:
முத்திரைக்காரனைத் துறந்த கிருமி நோஞ்சான்.
திடமான உடம்பில் நாலு நாள் தாங்காது.

ஆக, கையிழந்த ஒன்றுக்கு
இந்தத் தீவில் கிடைத்த வீடு நான்.
கோபப்படப் பார்த்தேன். முழுசாக வரவில்லை.

இன்று வேறு மருந்து, கண்ணாடிப் புட்டியில்.
யாரிடமும் முத்திரை கேளாதாம்,
கட்டணத்தைச் சிறுநீரகத்திடம் வாங்கிக்கொள்ளுமாம்.
மிஸி ரொஸிதா முதலில் உப்புநீரை ஓடவிடுகிறாள்.
போவதையெல்லாம் அளந்து எழுதணும், குணவதி,
ஒரு சொட்டு விடாமல்.
கழிவறைக் கதவில் தாள், கயிற்றில் பேனா.

முடிச்சுக்குள் இன்னும் உறங்குவது
பழையதாகவே இருக்கலாம்,
கையுள்ளது, முத்திரையுள்ளது.
அடுத்த முறை அது வந்தால்
பழைய மருந்துக்கே படியலாம்.
படியாமலும் போகலாம்.

மணி நாலரை.
கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் வரிசை
மழையங்கியோடு தொடங்கியிருக்கும்.

இருநூற்று இருபது என்று எழுதினேன்.
பழக்கத்தில்
பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டேன்.